ஏழுமலை வழுக்கி விழவில்லை

முன்னாள் ராணுவத்தினருக்கு மனு எழுதிக் கொடுக்கும் வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று என்னைக் கேட்டீர்கள். கேட்டது உங்கள் தப்பு. ஓய்வு பெற்றவனிடம் அனுபவத்தைக் கேட்பதும், புதிதாகத் தாத்தா ஆனவனிடம் பேரன் போட்டோ இருக்கிறதா என்று கேட்பதும் ஒன்றுதான். லேசில் விடமாட்டான்.

முதலில் என் போர்க்காயத்தைச் சொல்லிவிடுகிறேன். நானும் பட்டாளத்தில் இருந்தவன்தான், ஆனால் எழுத்தர். ஹவில்தார் என்று பெயர். எதிரி எந்தப் பக்கம் இருக்கிறான் என்பது எனக்குக் கடைசி வரை சரியாகத் தெரியாது. கார்பன் தாள் எந்த அலமாரியில் இருக்கிறது என்பது தெரியும். என் உடம்பில் பாய்ந்த ஒரே உலோகம் ஸ்டேப்ளர் பின். இடது கட்டை விரலில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. ஒருமுறை அதை என் மனைவியிடம் காட்டி அனுதாபம் எதிர்பார்த்தேன். "அது தேங்கா துருவுறப்போ பட்டது. நான்தான் மஞ்சள் வச்சேன்" என்று சொல்லிவிட்டாள். ஒரே போர்க்காயம், அதுவும் சமையலறைக் கணக்கில் போயிற்று. காயம் எங்கே பட்டது என்பதை நிரூபிப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு அன்றைக்கே புரிந்திருக்க வேண்டும்.

பட்டாளத்தை விட்டு வந்து மரக்காணத்தில் நம் உதவி மையத்தில் உட்கார்ந்தேன். நீங்கள் இப்போது உட்காரும் ஏசி அறை இல்லை. பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்னால் மாடியில் ஒற்றை அறை. கீழே பரோட்டா கடை. பதினோரு மணிக்கு மேல் சால்னா வாசனை ஏறி வந்து மனுவில் உட்கார்ந்துகொள்ளும். உப்புக் காற்றுக்கு பீரோ, பேப்பர் கிளிப், என் நாற்காலியின் கால் எல்லாம் துருப்பிடித்துவிடும். நான் அனுப்பிய மனுக்கள் எல்லாவற்றிலும் கிளிப் இருந்த இடத்தில் ஒரு பழுப்புக் கறை இருக்கும். டெல்லியில் அதைப் பார்த்தே "மரக்காணம் வந்துடுச்சி" என்று சொல்வார்களாம். நானே கிளப்பிவிட்ட வதந்திதான். ஆனாலும் அந்த அறையை நினைத்தால் இப்போதும் எனக்குப் பசிக்கிறது.

பிரம்மதேசம் பக்கமிருந்து விவசாயிகள் வருவார்கள். கூனிமேட்டிலிருந்து கடற்படையில் சமையல்காரராக இருந்த பாய் ஒருவர் வருவார். எல்லோரும் காகிதங்களை ஒரு பாலிதீன் பையில் சுற்றி, அதை இன்னொரு பையில் போட்டு, அதையும் மஞ்சள் பையில் வைத்துக் கொண்டு வருவார்கள். பிரித்து முடிப்பதற்குள் டீ ஆறிவிடும். இவர்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒரு வியாதி இருந்ததைக் கவனித்தேன். மேலதிகாரி யாராவது "எப்படி இருக்கிறாய்?" என்று கேட்டுவிட்டால் போதும், "நல்லா இருக்கேன் சார்" என்று வாய் தானாகச் சொல்லிவிடும். சேர்ந்த முதல் மாதமே அதை ஊசியில் ஏற்றிவிடுகிறார்கள் போலிருக்கிறது. வெளியே வந்து எத்தனை வருஷமானாலும் இறங்குவதில்லை. உடம்பு சரியில்லை என்று மனு போட வந்தவரே என் எதிரில் விறைப்பாக நின்று நல்லா இருக்கேன் சார் என்பார். நல்லா இருக்கிறவருக்கு நான் என்னத்தை எழுதுவது?

இந்த வியாதி முற்றிப்போன ஆள் ஏழுமலை. ஹவில்தாருக்கு ஒரு படி கீழே, நாயக் பதவியில் இருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். மரக்காணத்து உப்பளத்தில் மனைவி அஞ்சலையோடு சேர்ந்து உப்பு வாரிக்கொண்டிருந்தார்.

இளவயதில் எல்லை மலையில் சண்டை நடந்தபோது அவர் குண்டுப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு காவல் முகாமுக்கு ஏறிக்கொண்டிருந்தார். பக்கத்தில் எதிரியின் பீரங்கிக் குண்டு, ஷெல், விழுந்தது. தூக்கி எறியப்பட்டுச் சரிவில் உருண்டார். இடது கணுக்கால் உடைந்தது. கீழே கூடார ஆஸ்பத்திரியில் தூக்கமில்லாத கண்ணோடு ஒரு டாக்டர் வந்து "என்ன ஆச்சு?" என்று கேட்டார். நம் ஆள் படுத்தபடியே விறைப்பாகி, "ஒண்ணும் இல்ல சார், வழுக்கிட்டேன்" என்றார். டாக்டர் அப்படியே எழுதிக்கொண்டார். அவரை எப்படிக் குற்றம் சொல்வது?

"ஏன்யா அப்படிச் சொன்னே?" என்று நான் கேட்டேன்.

"பக்கத்துக் கட்டில்ல படுத்திருந்த பையனுக்கு ரெண்டு காலும் இல்ல சார். அவன் கேட்டுக்கினு இருக்கிறான். நான் எப்படி என் காலைப் பத்திப் பேசறது?"

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். கண்ணாடியில் தூசி ஒன்றும் இல்லை.

போரில் பட்ட காயம் என்று ஏற்றுக்கொண்டால் ஓய்வூதியம் ஒரு மாதிரி. காயம்பட்டவருக்கான பதக்கமும் உண்டு. பணியில் தவறி விழுந்தது என்றால் ஓய்வூதியம் வேறு மாதிரி, பதக்கம் கிடையாது. ஏழுமலைக்கு அந்த இரண்டாவதுதான் கிடைத்தது. அதோடு போகவில்லை. ஊரில் அவருடைய காகிதத்தைப் படித்துக் காட்டிய புண்ணியவான் 'வழுக்கி விழுந்ததால்' என்ற வரியையும் சத்தமாகப் படித்துவிட்டார். அன்றிலிருந்து உப்பளத்தில் அவருக்குப் பெயர் வழுக்கி. "ஏம்பா வழுக்கி, வரப்பு ஈரமா இருக்குது, பாத்து வா!" அவரும் சிரித்துக்கொள்வார். சிரித்துவிட்டு என்னிடம் வந்தார்.

"பணத்தைப் பத்தி எனக்கு ஒண்ணும் இல்ல சார். அந்த வழுக்கினதுன்ற வார்த்தைய எடுத்துடணும். அவ்ளோதான்."

"பணத்தைப் பத்தி எனக்கு இருக்குதுண்ணா" என்றார் பக்கத்தில் இருந்த அஞ்சலை. "அதையும் சேத்து எழுதுங்க."

எழுதினேன். திரும்பி வந்தது. மறுபடி எழுதினேன். மறுபடி திரும்பி வந்தது. கடைசியில் ஒரு வக்கீலை வைத்துத் தீர்ப்பாயத்துக்குப் போனோம். ஷெல் விழுந்தது உண்மை என்று உடன் இருந்த இருவர் எழுதிக் கொடுத்தார்கள். எதிர்த்தரப்பு அதை மறுக்கவில்லை. "விழுந்தது உண்மைதான். ஆனால் இவரே வழுக்கியதாகத்தானே சொல்லியிருக்கிறார்? இப்போது காலில் இருக்கும் கோளாறு உப்பளத்தால் வந்தது. வருஷக் கணக்காக உப்புத் தண்ணீரில் நின்றால் யார் கால்தான் கெடாது?" என்றது. நியாயமான கேள்வி. நானே அந்தத் தரப்பில் இருந்திருந்தால் அதைத்தான் கேட்டிருப்பேன், சம்பளமும் அதிகம். தீர்ப்பாயம் இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு, புதிதாக ஒரு மருத்துவக் குழு இந்தக் காலைப் பார்த்துச் சொல்லட்டும் என்றது. ஆக, இத்தனை வருஷ வழக்கும் சென்னையில் ராணுவ ஆஸ்பத்திரியில் ஒரு காலை நேரத்தில் வந்து நின்றது.

பஸ்ஸில் போகும்போது ஏழுமலைக்குப் பாடம் எடுத்தேன். அவரும் நானும் ஒரு சீட்டில். பின்சீட்டில் அஞ்சலை, மடியில் புளிசோற்று டப்பா.

"கால் எப்படி இருக்குதுன்னு கேட்டா இன்னா சொல்லுவே?"

"நல்லா இருக்குது சார்."

"யோவ்! வலிக்குதுன்னு சொல்லணும்."

"வலிச்சாத்தானே சார் சொல்லுவேன்?"

"சாயங்காலமானா காலை இழுத்து இழுத்து நடக்கறியே, அது இன்னா?"

"அது சோம்பேறிக் கால் சார். சொன்ன பேச்சு கேக்காது."

பின்சீட்டிலிருந்து, "ரெண்டு காலும் அவரு மாதிரியேதான்ணா" என்று குரல் வந்தது.

ஏழுமலை ரொம்பப் பணிவான ஆள், அதனால்தான் இப்படிச் சொல்கிறார் என்று நினைத்தேன். விவரம் தெரிந்த நண்பர் ஒருவரின் யோசனைப்படி ஒரு கைத்தடியும் வாங்கி வைத்திருந்தேன். ஏழுமலை அதைத் தொடவே மாட்டேன் என்றுவிட்டார். பஸ்ஸை விட்டு இறங்கி வெயிலில் நடக்கும்போது, வாங்கிய பொருள் வீணாகக் கூடாதே என்று நானே ஊன்றிக்கொண்டேன். ஆஸ்பத்திரி வாசலில் இருந்த சிப்பந்தி எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். ஒருவர் பாலிஷ் போட்ட கறுப்பு ஷூவில் கம்பம் மாதிரி நிமிர்ந்து நிற்கிறார். இன்னொருவர் தொப்பையும் தடியுமாக மூச்சு வாங்குகிறார். சக்கர நாற்காலியை நேராக என்னிடம் தள்ளிக்கொண்டு வந்து, "உக்காருங்க பெரியவரே, பயப்படாதீங்க, பாத்துக்கலாம்" என்றார். அஞ்சலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

உள்ளே மூன்று அதிகாரிகள். நடுவில் தலைமை டாக்டர், தமிழ் பேசும் கர்னல் அம்மா. உதவிக்கு வந்தவன் ஓரமாக நிற்கலாம், பேசக் கூடாது என்றார்கள். அஞ்சலை வெளியே பெஞ்சில் இருந்தார். ஏழுமலை அறைக்குள் நுழைந்தார். அதிகாரிகளின் தோளில் இருந்த நட்சத்திரங்களைப் பார்த்தார். குதிகால்கள் இரண்டும் டக்கென்று சேர்ந்தன. சல்யூட். நான் எடுத்த பாடமெல்லாம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் எங்கோ விழுந்துவிட்டது. அவரைச் சொல்லி என்ன? ஓரத்தில் நின்ற நானும் அனிச்சையாக விறைத்தேன். கைத்தடி தடாலென்று தரையில் விழுந்தது. கர்னல் அம்மா என்னையும் அதையும் ஒருமுறை பார்த்துவிட்டு ஏழுமலையிடம் திரும்பினார்.

"உட்காருங்க."

"வேணாம் மேடம்."

"கால்ல என்ன தொந்தரவு?"

"ஒண்ணும் இல்ல மேடம்."

"வலி இருக்கா?"

"இல்ல மேடம்."

"இப்போ என்ன வேலை செய்றீங்க?"

"உப்பளத்துல மேடம். ஒரு நாள் லீவு போட்டது இல்ல." இதைச் சொல்லும்போது மார்பு இன்னும் கொஞ்சம் முன்னால் வந்தது.

நடந்து காட்டச் சொன்னார்கள். நடக்கவில்லை, அணிவகுத்தார். ஓரத்தில் இருந்த அதிகாரி எழுத ஆரம்பித்துவிட்டார். என்ன எழுதுகிறார் என்று பார்க்காமலே தெரிந்தது. எழுத்தராக இருந்தவனுக்குப் பேனா ஓடுகிற வேகமே போதும். கர்னல் அம்மா, "சரி, நீங்க போகலாம்" என்றார். மறுபடி சல்யூட் அடித்துவிட்டு ஏழுமலை திரும்பினார்.

அப்போதுதான் பார்த்தேன். அவர் நின்ற இடத்தில், வெள்ளை டைல்ஸில், இடது குதிகால் இருந்த இடத்தில் ஒரு சிவப்புப் பொட்டு. அவர் அடுத்த அடி வைத்தார், அங்கே இன்னொன்று.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். இதற்காகத்தான் இத்தனை கதையும்.

"மேடம், இந்த ஆள் பொய் சொல்றாரு, இவருக்கு வலிக்குது" என்று கத்துவதற்கு என் வாய் வரைக்கும் வந்துவிட்டது. வருஷக் கணக்காக அந்தக் காலுக்காக எழுதியவன் நான். ஆனால் அப்படிக் கத்தினால் என்ன ஆகும்? ஷெல் தூக்கி எறிந்தது என்று ஏழுமலை சொல்வதை நம்புங்கள் என்பதுதான் எங்கள் வழக்கே. அதே ஆள் பொய் சொல்கிறார் என்று அவருடைய உதவியாளனே சாட்சி சொன்னால், எந்தப் பேச்சை நம்புவார்கள்? பேசாமல் இருந்தால் பேனா எழுதி முடித்துவிடும். அதிகாரி முன்னால் கேட்காமல் வாய் திறப்பது என் ராணுவ வாழ்க்கையிலேயே நான் செய்யாத சாகசம்.

"மேடம், தரையில ரத்தம்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அதற்கு மேல் ஒரு சொல் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் உளறியிருப்பேன்.

கர்னல் அம்மா எட்டிப் பார்த்தார். எழுதிய பேனா நின்றது. "நாயக், நில்லுங்க."

ஏழுமலை திரும்பித் தரையைப் பார்த்தார். முகம் செத்துவிட்டது. "மன்னிச்சிடுங்க மேடம், அழுக்கு பண்ணிட்டேன். இதோ தொடச்சிடறேன்" என்று கைக்குட்டையை எடுத்துக்கொண்டு குனிந்தார்.

"தரை கிடக்கட்டும். உட்காருங்க. ஷூவைக் கழட்டுங்க. இது கட்டளை."

கட்டளை என்றதும் உட்கார்ந்தார். மரக்காணத்தில் செருப்பு தைப்பவர் முந்தின நாள் சாயங்காலம் புதிதாக அடித்துக் கொடுத்த குதியில் ஓர் ஆணி உள்ளே ஏறியிருந்தது. சாக்ஸ் முழுவதும் ஊறியிருந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கி அத்தனை தூரம் நடந்ததும், மூன்று பேர் முன்னால் அணிவகுத்ததும் அந்த ஆணியின் மேல்தான்.

"எப்போ குத்திச்சு?"

"தெரியல மேடம்."

"வலிக்கலையா?"

ஏழுமலைக்கே ஆச்சரியம். "அதான் மொதல்லயே சொன்னேனே மேடம். வலிக்கல."

பஸ்ஸில் அவர் என்னிடம் சொன்னதும் இதுதான். நான்தான் அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டு அவரைத் திருத்தப் பார்த்தேன். அந்த மனிதர் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

கர்னல் அம்மா ஓர் ஊசியை எடுத்தார். "மேலே பாருங்க. குத்தும்போது சொல்லுங்க." ஏழுமலை விட்டத்தைப் பார்த்துக் காவல் நிற்பவர் மாதிரி காத்திருந்தார். அந்த அம்மா பாதம் முழுவதும் குத்தி முடித்து ஊசியைக் கீழே வைத்தபோது, "எப்ப மேடம் ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டார்.

"இவரோட வீட்டுல இருந்து யாராவது வந்திருக்காங்களா?"

அஞ்சலை உள்ளே வந்தார். ஷூவைப் பார்த்தார், ரத்தத்தைப் பார்த்தார். மூன்று அதிகாரிகள் இருப்பதெல்லாம் அவருக்குக் கணக்கே இல்லை. "யோவ்! அந்த ஆளுகிட்ட ஷூவைக் குடுக்காதன்னு நேத்தே சொன்னேனா இல்லியா?"

"ஏய், சும்மா இரு. ஆபீசருங்க இருக்காங்க."

"நீ சும்மா இருந்து இருந்துதான்யா இப்டி ஆச்சி!" பிறகு கர்னல் அம்மாவிடம் திரும்பினார். "கால்ல ஒரு வெடிப்பு இருந்தாக்கூட உப்புத் தண்ணியில வைக்க முடியாதும்மா. உசுரு போவும். நாங்க எல்லாம் குதிப்போம். இவரு எடது கால்ல புண்ணோட அப்டியே நிப்பாரு. மிலிட்டரிகாரரு, தைரியம்னு ஊரே சொல்லிச்சி. நானும் அப்டித்தான் நெனச்சிக்கினேன். சாயங்காலம் காலைத் தூக்கி மடியில வச்சி, இன்னா குத்தியிருக்குதுன்னு நான்தான் பாப்பேன். அவருக்குத் தெரியாதும்மா."

கர்னல் அம்மா கேட்டுக்கொண்டே ஏழுமலையைக் குப்புறப் படுக்க வைத்து, முழங்காலின் பின்பக்கம் விரலால் மெதுவாகத் தடவிப் பார்த்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. சின்னத் தழும்பு.

"இது என்ன?"

"முள்ளு மேடம். அந்த மலையில குத்தினது."

முன்பு பார்த்தவர்கள் எல்லோரும் உடைந்த கணுக்காலைத்தான் பார்த்திருந்தார்கள். முழங்காலுக்குப் பின்னால் பார்க்கும்படி இவரும் ஒருநாளும் வாய் திறக்கவில்லை. புதிதாக எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். பாதத்துக்குப் போகும் நரம்புக்கு ஒட்டினாற்போல், துவரம்பருப்பு அளவுக்கு ஓர் இரும்புத் துண்டு இருந்தது. கர்னல் அம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"அந்த மலையில இரும்பு முள்ளா முளைக்குது, நாயக்?"

ஏழுமலை கையைப் பின்னால் கொண்டுபோய் அந்தத் தழும்பைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அந்த அம்மா பக்கத்து அதிகாரியிடம், "உப்புத் தண்ணி இந்தக் காலைக் கெடுக்கல. ஷெல் துண்டு பாய்ஞ்சு உணர்ச்சி போன காலைக் கொண்டுபோய் இத்தனை வருஷம் அதுல நிறுத்தி இருக்கார். அப்படியே எழுதுங்க" என்றார். பேனா மறுபடி ஓடியது. இந்த முறை அந்த ஓட்டம் என் காதுக்கு நன்றாக இருந்தது.

தம்பி, தங்கை, நான் சொல்ல வருவது இதுதான். உங்கள் எதிரில் வந்து நிற்பவருக்கு நடிக்கச் சொல்லித் தராதீர்கள். கைத்தடி வாங்காதீர்கள், அது உங்களுக்குத்தான் உதவும். "வலிக்குதா?" என்று கேட்காதீர்கள், "இல்ல சார்" என்றுதான் வரும். "சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் முதல்ல இன்னா பண்ணுவீங்க?" என்று கேளுங்கள். கூட வந்திருக்கும் அம்மாவை வெளியே பெஞ்சில் உட்கார வைக்காதீர்கள், முன் நாற்காலியைக் கொடுங்கள். உங்கள் ஆள் சொல்வது வழக்குக்கு ஆகாது என்று தோன்றினாலும் அவசரப்பட்டுத் திருத்தாதீர்கள். உண்மையாக இருந்தாலும் இருக்கும்.

தீர்ப்பாயத்தின் உத்தரவு வந்தது சில மாதம் கழித்து. வக்கீல் என் கைப்பேசிக்கு அனுப்பியிருந்தார். நேரில் சொல்லலாம் என்று ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு உப்பளத்துக்குப் போனேன். உப்பு வாரும் பருவம். பாத்திகளில் வெயில் ஏறி அடித்தது, கண்ணைத் திறக்க முடியவில்லை. என்னைப் பார்த்ததும் ஏழுமலை உப்பு வாரும் பலகையைப் பக்கத்தில் சாய்த்துவிட்டு வரப்பின் மேல் வந்து விறைப்பாக நின்றார். நான் பழைய ஹவில்தார் இல்லையா? எழுத்தன் என்று எத்தனை தடவை சொன்னாலும் அவர் என் முன்னால் உட்கார்ந்ததே இல்லை.

படிக்க ஆரம்பித்தேன்.

"சார், அதெல்லாம் அப்புறம். அந்த வார்த்தை இருக்குதா?"

"இல்ல. எதிரி குண்டு வீச்சுல பட்ட காயம்னு போட்டிருக்குது."

"இன்னொரு தபா படிங்க சார்."

படித்தேன். பதக்கம் உண்டு என்பதையும் படித்தேன். பக்கத்துப் பாத்திகளில் இருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். "ஆச்சா? இப்ப நான் கேட்டதைப் படிங்கண்ணா" என்றார் அஞ்சலை. அதையும் படித்தேன். அவர் விரல் விட்டு ஏதோ கணக்குப் போட்டார், பாதியில் விட்டுவிட்டார், ஏனென்றால் ஏழுமலை பேச ஆரம்பித்திருந்தார்.

"சார்."

"சொல்லு."

"கால் முடியல சார். கொஞ்சம் உக்காந்துக்கறேன்."

அஞ்சலை திரும்பி அவரைப் பார்த்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சு வந்து அவர் கேட்டதில்லை. ஏழுமலை எங்கள் எல்லோர் முன்னாலும் வரப்பில் உட்கார்ந்து இடது காலை நீட்டிக்கொண்டார். அஞ்சலையும் உட்கார்ந்து அந்தக் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஒருவர் மட்டும் நிற்பது நன்றாக இருக்காது என்று நானும் உட்கார்ந்தேன். கால்சட்டை நனைந்தது. பக்கத்துப் பாத்தியிலிருந்து யாரோ, "ஏழுமலை, தண்ணி குடிக்கிறியாப்பா?" என்று கேட்டார்கள்.

"குடு" என்றார், உட்கார்ந்தபடியே.